எடுத்த கிணற்றிலேயே விடுதல்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ச் சமணர் இல்லங்களில் முந்தைய தலைமுறைப் பெண்கள் கிணற்றடியில் நீர் வடிகட்டிய முறையை இந்த அவையிலுள்ள மூத்தோர் பலர் கண்டிருப்பர். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரட்டையாக மடித்துப் போர்த்தி, நடுவைச் சற்றே குழித்து, நீரை மெல்ல ஊற்றுவர். இதுவரை அயலாரும் அறிவர். அயலார் பெரிதும் அறியாதது அதற்குப் பிந்திய செயல். வடிகட்டி முடிந்ததும் அத்துணியை உதறிவிட மாட்டார்கள். வடித்த நீரிலேயே சிறிதெடுத்துத் துணியின் மறுபுறம் ஊற்றி, அதில் தங்கிய சிற்றுயிர்களை ஒரு கலத்தில் சேர்ப்பர். எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தார்களோ அந்தக் கிணற்றிலேயே அவற்றை விடுவர். மேலிருந்து கொட்டுவதும் கூடாது. வாளியை நீர்மட்டம் வரை இறக்கி மெல்லச் சாய்த்தல் வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறு பத்தடித் தொலைவில் இருந்தாலும் அதில் விடலாகாது. ஒரு நீரில் பிறந்த உயிர் மற்றொரு நீரில் பிழைக்காது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இவ்வழக்கத்தைக் கண்டு நகைத்தவர் அக்காலத்திலேயே உண்டு. கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு இத்தனை உபசாரமா என்று கேட்டனர். ஆனால் கொல்லாமை என்னும் அறம் எவ்வளவு நுட்பமாக எண்ணப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேடிக் கண்டுபிடிப்பது அரிது. கொல்லாதிருந்தால் போதும் என்று அவ்வறம் நின்றுவிடவில்லை. அவ்வுயிர்க்கு உரிய இடம் எது என்று கேட்டது. அங்கே அதனைச் சேர்க்கும் பொறுப்பையும் நீர் எடுத்தவர் மேலேயே வைத்தது. பெருநகரங்களில் காட்டு விலங்குகளோடு வாழ்வது எப்படி என்று அரசுகளும் அறிஞர்களும் ஆராய்ந்து கொண்டிருக்கும் இந்நாளில், கிணற்றடியில் கிடந்த அந்தப் பழந்துணியை மீண்டும் விரித்துப் பார்ப்பது தகும்.

ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் பல இன்று தாம்பரத்திற்கு அப்பாலும் பெங்களூரிலும் மும்பையிலும் வீடு கட்டிக் குடியேறியுள்ளன. நேற்று வரை ஏரிக்கரையாகவும் புதர்க்காடாகவும் இருந்த நிலம் இன்று மனைப்பிரிவாகிறது. அங்கே வாழ்ந்த உயிர்கள் பட்டா மாறியதை அறிவதில்லை. பாம்பு பழைய தடத்திலேயே வருகிறது. அத்தடத்தில் இப்போது ஒரு சமையலறை இருக்கிறது.

இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட நகரம் மும்பை. அம்மாநகரின் நடுவே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்னும் காடு உள்ளது. பரப்பு ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர். அக்காட்டிலுள்ள விகார், துளசி என்னும் இரு ஏரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நகருக்குக் குடிநீர் தருகின்றன. காட்டைச் சுற்றி அடுக்குமாடிகளும் குடிசைகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்தக் காட்டிலும் அதன் ஓரங்களிலுமாக ஏறக்குறைய ஐம்பது சிறுத்தைகள் வாழ்வதாக அண்மைக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. உலகில் இத்தனை மக்கள் நெருக்கத்தின் நடுவே இத்தனை சிறுத்தைகள் வாழும் இடம் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

2002 முதல் 2004 வரை அப்பகுதியில் சிறுத்தைகள் மனிதரைத் தாக்குவது திடீரெனப் பெருகியது. 2004 ஜூன் மாதத்தில் மட்டும் பலர் உயிரிழந்தனர். அச்சங்கொண்ட மக்கள் கேட்டது ஒன்றே: பிடித்துக்கொண்டு போங்கள். கூண்டுகள் வைக்கப்பட்டன, பிடிபட்டவை வேறு காடுகளில் விடப்பட்டன. கொல்லவில்லை, காட்டில்தானே விட்டோம் என்று அனைவரும் ஆறுதல் கொண்டனர். பிற இடங்களில் பிடிபட்ட சிறுத்தைகள் இப்பூங்காவில் கொண்டுவந்து விடப்பட்டதும் உண்டு.

இந்த ஆறுதல் பொய் என்பதைப் புணே மாவட்டத்து ஜுன்னர் பகுதி உணர்த்தியது. கரும்புத் தோட்டங்கள் செறிந்த அவ்வூர்களில் சிறுத்தைகள் நெடுங்காலமாகவே மனிதர்க்கு அருகில், பெரும்பாலும் மனிதர் கண்ணிற் படாமல் வாழ்ந்து வந்தன. 2001 முதல் அவற்றைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விடத் தொடங்கினர். வித்யா ஆத்ரேயா என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் இதன் விளைவை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்டனர். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள், பிடித்து மாற்றத் தொடங்கிய பின் 17 ஆக உயர்ந்திருந்தன. அதுவரை தாக்குதலையே அறியாதிருந்த சில இடங்களிலும், கொண்டுபோய் விட்ட பிறகு தாக்குதல் நிகழ்ந்தது.

காரணம் அறிவது அரிதன்று. சிறுத்தை தனித்து வாழும் விலங்கு. தன் எல்லைக்குள் எந்த வழியில் நீர், எந்தப் பொழுதில் மனிதர் நடமாட்டம், எங்கே ஒளியலாம் என்பதனைத்தும் அதற்குத் தெரியும். மனிதரை விலக்கி வாழ்வது அது வாழ்நாளெல்லாம் கற்ற கல்வி. பிடித்துக் கூண்டிலடைத்து, மனிதர் கூட்டத்தின் கூச்சலை நாட்கணக்கில் கேட்கவைத்து, அறியாத நிலத்தில் இறக்கிவிட்டால் அக்கல்வி பயனற்றுப் போகிறது. காலியான பழைய இடத்திற்கோ, அவ்விடத்து மனிதரை அறியாத மற்றொரு சிறுத்தை வந்து சேர்கிறது. அறிமுகமான அண்டை வீட்டாரை விரட்டிவிட்டு, முகமறியாதவரை அழைத்துக் குடிவைத்த கதை இது.

இங்கே ஒரு சிறுத்தையின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2009 ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் மகாராட்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்து டாக்ளி டோகேஷ்வர் என்னும் ஊரில் ஓர் ஆண் சிறுத்தை கிணற்றில் விழுந்துவிட்டது. அதனை மேலே எடுத்தனர். முதிர்ந்து அமைதியாகக் காணப்பட்டமையால் அதற்கு அஜோபா என்று பெயரிட்டனர். மராத்தியில் அச்சொல்லுக்குத் தாத்தா என்பது பொருள். இடங்காட்டும் கருவி பொருத்திய பட்டையைக் கழுத்திலிட்டு, மால்சேஜ் மலைப்பகுதிக் காட்டில் விட்டனர். நல்ல காடு. அஜோபா அங்கே தங்கவில்லை. மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது.

கருவி அனுப்பிய குறிப்புகளை ஆய்வாளர்கள் வரைபடத்தில் இட்டுக்கொண்டே வந்தனர். ஊர்களை ஒட்டி நடந்தது. மும்பை ஆக்ரா நெடுஞ்சாலையைக் கடந்தது. கசாரா தொடர்வண்டி நிலையத்தின் அருகே இருப்புப்பாதையைக் கடந்தது. தொழிற்சாலைப் பகுதிகளின் ஊடே சென்றது. இறுதியில் வசாயிக் கழியை நீந்தி, ஒரு மாதத்திற்குள் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவு கடந்து, மும்பையின் பூங்காக் காட்டை அடைந்தது. வழியெங்கும் மக்கள், ஒருவரையும் அது தீண்டவில்லை. இத்தனை உறுதியோடு ஒரே திசையில் நடந்ததைக் கண்டோர், மும்பைக் காடே அதன் பழைய இடமாக இருந்திருக்கக்கூடும் என்று கருதினர். 2011 டிசம்பரில் மும்பையை அடுத்த நெடுஞ்சாலையில் ஒரு வாகனம் மோதி அது இறந்தது. உடலுள் பதித்திருந்த சிறு சில்லைக் கொண்டே அது அஜோபா என்று அறிந்தனர்.

எடுத்த கிணறு ஒன்று. விட்ட கிணறு வேறு. தன் கிணற்றைத் தேடி ஓர் உயிர் 120 கிலோமீட்டர் நடந்திருக்கிறது. அருகே சென்று விடுங்கள், வேற்று நீரில் விடாதீர்கள் என்று பாட்டிமார் சொன்ன ஒழுக்கத்தை வனத்துறையும் அறிவியலும் பல உயிர்களைப் பலிகொடுத்த பின்னரே கண்டடைந்தன என்று சொல்வது சற்றே பெருமை பாராட்டுவதாகத் தோன்றலாம். நீர்ப்பூச்சிக்குச் சொன்னது சிறுத்தைக்கும் பொருந்தும் என்று அப்பாட்டிமார் கருதியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் ஒழுக்கத்தின் உள்ளீடு ஒன்றாக இருக்கிறது.

மும்பை பின்னர் வேறு வழி கண்டது. 2011 இல் வனத்துறையும் நகர மக்களும் ஆய்வாளரும் கூடி ஒரு முயற்சியைத் தொடங்கினர். சிறுத்தையைக் கண்டவுடன் கூண்டு கேட்காதீர்கள். அது கடந்து போகட்டும். கூட்டம் கூடி வழியை அடைக்காதீர்கள். இருட்டிய பின் சிறுவரைத் தனியே வெளியே விடாதீர்கள். குப்பையை அகற்றுங்கள். இவையே அவர்கள் பரப்பிய செய்திகள். இவற்றுள் கடைசிச் செய்தியே வேர் போன்றது. குப்பைமேடு இருக்குமிடத்தில் தெருநாய் பெருகும்; நாய் பெருகுமிடத்திற்குச் சிறுத்தை வரும். அங்கு வாழும் வார்லி பழங்குடியினர் வாகோபா என்னும் பெயரில் புலித் தெய்வத்தை வழிபட்டு, அவ்விலங்கோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர்கள் என்பதும் கருதத்தக்கது.

இதனால் துன்பம் முற்றும் நீங்கிவிட்டது என்று கூறுவது நேர்மையாகாது. 2022 ஆம் ஆண்டுத் தீபாவளிப் பொழுதில், வீரபெருமான் நிர்வாணம் அடைந்ததை எண்ணி இல்லந்தோறும் விளக்கேற்றும் அதே நாட்களில், பூங்காவை ஒட்டிய ஆரே பகுதியில் ஒரு சிறு குழந்தையைச் சிறுத்தை கொன்றது. பன்னிரண்டாம் மாடியிலிருந்து கருணை பேசுவது எளிது. கதவில்லாத வீட்டில், கழிப்பறைக்கு இருட்டில் வெளியே செல்ல வேண்டிய நிலையில் வாழ்பவரே காட்டு விலங்கின் அருகாமைக்கு விலை கொடுக்கிறார். ஆகவே காட்டோரக் குடிசைக்கு ஒரு கழிப்பறையும் ஒரு தெருவிளக்கும் அமைக்கப் பொருள் தருவது சிறுத்தைக்கும் செய்த தொண்டேயாகும். அறக்கட்டளைகளின் உயிரிரக்கப் பணிகள் கோசாலையோடும் பறவை மருத்துவமனையோடும் நின்றுவிடத் தேவையில்லை.

இனித் தானம் பற்றி. இல்லறத்தார்க்கு ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பதைச் சிறுவரும் அறிவர். நான்கையும் கற்ற பின், நடைமுறையில் உயிரிரக்கம் என்றவுடன் கை முதலில் நீள்வது உணவை நோக்கியே. பசித்த உயிருக்கு உணவிடுவது உயர்ந்ததுதான். வீட்டு விலங்குக்கும் நோயுற்ற பறவைக்கும் அது பொருந்தும். காட்டுயிர்க்கு மனிதர் தரத்தக்க தானம் அபயம். அஞ்சாது தன் இடத்தில் தன் உணவைத் தேடி உண்ண விடுவதே அது.

மலைக்கோயிலுக்குச் செல்வோர் படிக்கட்டில் அமர்ந்திருக்கும் குரங்குக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் தருவதைப் பாருங்கள். தந்தவர்க்குப் புண்ணியம் சேர்ந்த மனநிறைவு. குரங்கோ அத்தி, ஆல், இலந்தை எனக் காட்டில் அலைந்து தேடுவதை விட்டுப் படிக்கட்டையே வயலாகக் கொள்கிறது. குட்டிகளும் அதையே கற்கின்றன. அடுத்த ஆண்டு அது பையைப் பிடுங்குகிறது. ஒரு மூதாட்டியின் கையைக் கீறுகிறது. உடனே கூண்டு வருகிறது, வண்டி வருகிறது, வேறொரு மலையில் இறக்கிவிடப்படுகிறது. அங்கே ஏற்கெனவே வாழும் கூட்டம் அதனை ஏற்பதில்லை. அன்று பழம் தந்த கை, அறியாமலே அக்கூண்டின் கதவையும் திறந்து வைத்தது. இது கடுமையான கூற்று என்றால் கூறாமல் விடுவது இன்னும் கடுமை.

சென்னையிலேயே ஒரு காடு இருக்கிறது. 1978 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பினது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. அதிலும் அடுத்துள்ள கல்வி நிலைய வளாகத்திலும் புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. இறந்த மான்களை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் உருண்டு திரண்டு கிடந்த செய்தி பலமுறை வந்துள்ளது. மானைக் கொல்ல யாரும் எண்ணவில்லை. உணவு மணம் ஒட்டிய பையை யாரோ ஒருவர் எறிந்தார், அவ்வளவே. சாந்திநாதருக்கு மான் இலாஞ்சனம் என்று பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம்.

சில ஊர்களில் விழா நாட்களில் கூண்டுக் கிளிகளை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடும் வழக்கம் உண்டு. எண்ணம் தூயது. ஆனால் வாங்குவோர் இருக்கிறார் என்பதனாலேயே வேடன் மீண்டும் வலை விரிக்கிறான். பிடிக்கையிலும் அடைக்கையிலும் இறந்தவற்றின் கணக்கு எவரிடமும் இல்லை. கிளியை விற்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்பவரைப் பற்றி வனத்துறைக்குத் தெரிவித்து, மீட்கப்பட்ட கிளியை அவர்களே உரிய இடத்தில் விடச்செய்வதே முறை.

மும்பையில் புறாக்களுக்குத் தானியமிடும் இடங்களை 2025 இல் மாநகராட்சி மூடத் தொடங்கியபோது சமணப் பெருமக்கள் பலர் மனம் நொந்தனர். வழக்கும் உயர்நீதிமன்றம் சென்றது. தலைமுறைகளாக இட்டுவந்த கைக்கு அந்த நோவு உண்மையானது. அளவுக்கு மீறித் திரண்ட புறாக்களின் எச்சத்தால் நுரையீரல் நோயுற்றவரின் மூச்சுத்திணறலும் உண்மையானதே. மனிதரும் ஐயறிவும் மனமும் உடைய உயிரே என்பதை மறந்துவிட்டு உயிரிரக்கம் பேச இயலாது. ஊரெங்கும் மரமும் நீரும் மிகுமாறு செய்தால் பறவைகள் ஓரிடத்தில் குவியத் தேவையில்லை. அதற்குக் காலம் ஆகும்; மூட்டை அவிழ்த்துக் கொட்டுவது போல எளிதும் அன்று.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் புறநகர் வாழ்வைப் பேச இயலாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே அஞ்சுவோரை ஏளனம் செய்யலாகாது. பார்சுவநாதரின் திருமுடிமேல் படம் விரித்த நாகத்தை வணங்கிவிட்டு வந்த அன்று மாலையே கொல்லைப்புறத்தில் ஒரு நாகத்தைக் கண்டால் கால் நடுங்கத்தான் செய்யும். செய்யத்தக்கவை எளியவை: வீட்டைச் சுற்றிச் செங்கல், விறகு, பழைய ஓடு ஆகியவற்றைக் குவிக்காதிருத்தல்; சோற்றுக் குப்பையை மூடிவைத்தல்; இரவில் விளக்கின்றி நடவாதிருத்தல். சோறு சிந்தினால் எலி, எலி வந்தால் பாம்பு. மும்பையில் கண்ட அதே சங்கிலி. இரவு உண்ணாமையைக் கடைப்பிடிக்கும் இல்லத்தில் அந்தி சாய்வதற்குள் அடுக்களை துடைத்து முடிக்கப்பட்டிருக்கும். அவ்வொழுக்கத்தின் துணைப்பயன் இதுவும்போலும். பாம்பு உள்ளே வந்துவிட்டால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். பிடிப்பவரிடம், அருகிலுள்ள புதரிலோ ஏரிக்கரையிலோ விடுமாறு கேட்கலாம். தொலைவில் விடுங்கள் என்று கெஞ்சுவதே பொது வழக்கம். தொலைவு என்பது பாம்புக்கு வேற்றுக் கிணறு.

நேமிநாதர் மணக்கோலத்தில் சென்றபோது விருந்துக்கென அடைத்து வைத்திருந்த விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரை நிறுத்திய வரலாறு எல்லோர்க்கும் தெரியும். அவர் அவற்றிற்குத் தீனி இடச் சொல்லவில்லை. அடைப்பைத் திறக்கச் செய்தார்.

பழைய முனிவர்கள் விலங்குகளின் இடத்திற்குத் தாமே சென்றவர்கள் என்பதும் நினைக்கத்தக்கது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் அவர்கள் தங்கிய கற்படுக்கைகள் இருபது நூற்றாண்டுகளுக்கு மேலாக உள்ளன. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி அவற்றுள் ஒன்று. அங்கே தமிழி எழுத்துக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருமேனியும் உண்டு. அக்குன்றுகளில் ஏறக்குறைய 250 வகைப் பறவைகளும், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு முதலியனவும் வாழ்கின்றன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு சிற்றூர்களில் 193 எக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2022 இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2024 இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தபின் 2025 சனவரியில் ஒன்றிய அரசு அதனைக் கைவிட்டது. மதுரை மாநகரம் அத்திசையில் வளர்ந்துகொண்டே செல்கிறது.

அத்தகைய குன்றுகளில் ஏறிப் பார்ப்போர் ஒன்றைக் காணலாம். முனிவர் தமக்கென எடுத்துக்கொண்டது ஓர் உடல் கிடக்கும் அளவு சமப்படுத்திய பாறை. தலைவைக்கும் பக்கம் சற்றே உயர்த்தியிருக்கும். மழைநீர் உள்ளே வழியாதிருக்கக் குகையின் நெற்றியில் விரலளவு காடி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். மலையின் எஞ்சிய பகுதி முழுவதும் உளிபடாமல் கிடக்கிறது.